80 வீத வரவு: மாலைநேர டிப்ளோமா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும் பாடநெறிக் குழுவினருக்கும்,

2021 ஒகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை கொவிட்டால் நாடு முடங்கிக் கிடந்த வாரங்களின் சூம் வகுப்புகளையும் சேர்த்தே 80 வீத வரவு பார்க்கப்படும், குறைந்தவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த வாரங்களைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

வரவு எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். கொழும்பின் கொட்டாஞ்சேனை, மட்டக்குளித் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புகளில், பல வீடுகளில் இருப்பது ஒரே போன். பகலில் அதில் பிள்ளைக்குப் பாடசாலை வகுப்பு. மாலை 6 மணிக்கு உங்களிடம் படிக்கும் அம்மாவின் கைக்கு வருகிறது. சூமில் பெயரை மாற்ற அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சூம் தரும் வருகை அறிக்கையில் பிள்ளையின் பெயர் விழுகிறது. உங்கள் பதிவேட்டில் அம்மா வரவில்லை. நடுவில் சிக்னல் போய்த் திரும்ப வந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று வரிகளாகப் பிரிந்து நிற்பார். நிமிடங்களைக் கூட்டாமல் முதல் வரியை மட்டும் பார்த்தால் இருபது நிமிடம்தான் இருந்தார் என்று ஆகிவிடும். இரண்டு மணி நேரமும் காதுகொடுத்துக் கேட்டவரைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிறுத்துவது அநியாயம்.

கமராவைக் கட்டாயமாக்கியது அடுத்த அநியாயம். ஒலி மட்டும் என்றால் மணிக்கு 40 எம்பிகூடத் தேவையில்லை. முகங்களெல்லாம் தெரிந்தால் ஒரு ஜிபியை நெருங்கும், தாண்டவும் கூடும். நாட்சம்பளம் நின்றுபோன வீட்டில் ரீலோட் காசு குறைந்தால் எந்தத் தாயும் பிள்ளையின் வகுப்பை நிறுத்தமாட்டார், தன்னுடையதைத்தான் விடுவார். அரச பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்கு 2020இல் கட்டணமில்லா டேட்டா கிடைத்தது. பகலில் வேலைக்குப் போய், காசு கட்டி மாலையில் படிக்கிறவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? வளர்ந்தோர் கல்விக்கு எப்போதும் கடைசி வரிசைதானா?

வழி கையிலேயே இருக்கிறது. சூம் பதிவு முடிந்ததும் காணொளியோடு ஒலி மட்டும் உள்ள எம்4ஏ கோப்பும் தானாகவே வரும். அதைப் பேச்சுக்குப் போதுமான குறைந்த தரத்தில், 32 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 ஆக மாற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 14 எம்பி சொச்சம். 2021இல் வாட்ஸ்அப் ஒலிக்கோப்புக்கு விதித்த 16 எம்பி எல்லைக்குள் அடங்கும். இரண்டு மணி வகுப்பை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். பிள்ளைகள் தூங்கியபிறகு கேட்பார்கள். பாடத்துக்கு இரண்டு கேள்வி கொடுத்து, ஒரு வாரத்துக்குள் குரல்பதிவாகப் பதில் வாங்குங்கள். அதையே வரவாக எழுதுங்கள்.

பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: முடக்க வாரங்களை 80 வீதக் கணக்கில் சேர்க்காதீர்கள். பரீட்சை அனுமதிப் பட்டியல் ஒட்டப்படும் முன் உங்கள் முடிவைத் தமிழிலும் அறிவியுங்கள்.

இங்ஙனம்,
வளர்ந்தோர் வகுப்புகளில் கற்பிப்போர் சிலர்,
கொழும்பு