அட்டையில் உன் பெயர் மட்டும்

அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஒன்பது பாட்டையும் கேட்டுவிட்டேன். போனில் கேட்டால் சரிவராது என்று பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி எடுத்தேன். மூன்றாவது பாட்டில் துடும்பு மேளம் இறங்குகிற இடத்தில், தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "எந்தக் கோயில்ல நோம்பி?" என்றார். உன் ராக் பாட்டுக்கு நம்மூர் கொழிஞ்சாம்பாறை போட்ட முதல் மார்க் அது.

அட்டைப் படமும் பார்த்தேன். உன் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்டதற்கு, "இது சோலோ ஆல்பம்ப்பா" என்றாய். போனில் பேசினால் நடுவில் மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கேசட் கடை வைத்திருந்தபோது, துபாயிலிருந்து வந்த ஒருவர் காப்பி எடுக்க ஒரு கேசட் கொடுத்தார். ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. அவருக்கு ஒரு காப்பி, எனக்கு ஒரு காப்பி. (திருட்டுதான். அன்றைக்கு எல்லாரும் செய்தோம்.) அவர் இருந்த பீட்டில்ஸ் குழு பிரிந்த 1970-இல், நவம்பரில் வந்த ஆல்பம். குழுவில் இருந்தவரை லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியதற்கே இடம் போதாது, இவருக்கு ஒரு ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டு கிடைத்தால் உண்டு. சேர்த்து வைத்ததையெல்லாம் இதில் கொட்டிவிட்டார், மூன்று எல்பி தட்டு! அட்டையில் தோட்டத்துக் குள்ளர் பொம்மைகள் நாலுக்கு நடுவே அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். தட்டைப் போட்டால் ஊரே திரண்டிருக்கும். எரிக் கிளாப்டன் கிட்டார், ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ், பில்லி பிரஸ்டன் ஆர்கன். முதல் பாட்டே பாப் டிலனோடு சேர்ந்து எழுதியது. பேட்ஃபிங்கர் குழுப் பையன்கள் சாதா கிட்டாரோடு உட்கார்ந்து ஒரே சுரக்கொத்தைச் (chord) சேர்ந்து மீட்டுவார்கள். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்கு அந்தத் திரள்தான் வேண்டும், எது யார் கை என்று பிரிக்கவே முடியாது. எக்கோ எனக்குக் கொஞ்சம் அதிகம். ஹாரிசனே பிற்காலத்தில் அப்படித்தான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் 19 வயதுப் பையன் ஒருவர், ஃபில் காலின்ஸ். கை கொப்புளிக்கக் காங்கா மேளம் வாசித்தார். தட்டு வந்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெயர் இல்லை, வாசித்ததும் பாட்டில் இல்லை. பின்னால் பாடகராக அவ்வளவு பெரிய ஆள் ஆனார், ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்று உன் அம்மாவுக்குத் தெரியும். ஒரு சாமி பாட்டுக் கேசட்டுக்கு இரண்டு ராத்திரி ஹார்மோனியம் வாசித்தேன். உறையில் பாடகர் பெயர் இருந்தது, பணம் போட்டவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அந்தக் கேசட்டை என் கடையிலேயே வைத்து விற்றேன். வாங்கியவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

சொல்லும் மெட்டும் உன்னுடையவை. சோலோ என்றே போடு, முன்பக்கம் நீயே இரு. பின்பக்கம் துடும்பு அடித்த நாலு பேர், பேஸ் வாசித்த கொச்சிப் பையன், ஆறாவது பாட்டில் தாலாட்டு முனகுகிற உன் அத்தை எல்லாரும் வரட்டும். அத்தை, "எம்பேரெல்லாம் எதுக்குக் கண்ணு" என்பாள். காதில் வாங்காதே.

துடும்புக்காரர்களில் மூத்தவரை ஊரே பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நேற்று வேலந்தாவளம் சந்தையில் பிடித்து, ரேஷன் கார்டில் இருக்கும் பெயரை எழுதி வாங்கினேன். மலையாளத்தில் எழுதித் தந்தார். தமிழில் தனித்தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். இனிஷியலை மட்டும் சரியாகப் பார், கே இல்லை, ஜி.

அப்பா