திறந்தே கிடக்கும் 3389: மதுரை வணிகச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையின் தொழில், வணிகச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கப்பலூர் சிட்கோ பட்டறைகளுக்கும் மாசி வீதி மொத்தக் கடைகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். கொரோனா காலத்தில், கணக்கர் திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ வீட்டில் இருந்தபடியே கடையின் டேலி கணக்கு மென்பொருளைத் திறக்க வேண்டியிருந்தது. பல இடங்களில் மாறாத இணைய முகவரி (ஸ்டாடிக் ஐபி) வாங்கி, ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலைத் திறந்து, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்தில் விட்டார்கள். அவசரம் முடிந்தும் அந்த போர்ட்டை யாரும் மூடவில்லை.

"நம்ம கடையை யாருங்க தேடி வரப்போறா?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். பெயர் பார்த்து யாரும் வருவதில்லை. இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் முழுவதிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரே கணினியால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்கலாம் என்பதை 2013-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் மென்பொருள்தான். கடைப்பெயரோடு ஆண்டைச் சேர்த்த பாஸ்வேர்டு அதற்குத் தாங்காது.

ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் கணினிக்குள் திருடர்கள் இப்படித்தான் நுழைந்து, கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பேக்கப் வட்டும் அதிலேயே செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கிய நேரத்தில், காகித பில்களை வைத்துக்கொண்டு கணக்கர்கள் ராத்திரி பகலாக எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள்.

மாற்று வழிக்குப் பெரிய செலவில்லை. 3389-ஐ மூடிவிட்டு விபிஎன் வழியாக, அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை வழியாக, வரச் செய்யலாம். வயர்கார்டு என்ற விபிஎன் இலவசம். 2020-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சரியான டிஜிட்டல் சாவி இல்லாமல் வருபவருக்கு அது பதிலே சொல்லாது. அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. மைக்ரோடிக் நிறுவன ரூட்டர் இருந்தால், அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-லேயே அது கிடைக்கிறது. ஓடிபி கேட்கும் வசதி மட்டும் வயர்கார்டில் இல்லை. அதனால் விண்டோஸுக்குள் நுழையும்போது இரண்டாவது சரிபார்ப்பைச் சேர்ப்பது அவசியம்.

விபிஎன் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான். இரண்டாவது சரிபார்ப்பு அதில் இல்லை. எரிபொருள் குழாயையே நிறுத்தும்படி ஆயிற்று. நம் ஊரிலோ வேலையை விட்டுப்போனவரின் கணக்கு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஆளுக்கொரு சாவி கொடுங்கள், அவர் விலகும் நாளிலேயே அதை ரத்து செய்யுங்கள். கணக்கர் டேலி கணினிக்கு மட்டும் போகட்டும். கேமரா பெட்டியிடம் அவருக்கு என்ன வேலை? இது அவர்மீது சந்தேகம் இல்லை. அவர் வீட்டுக் கணினியில் பிள்ளைகள் எதையாவது இறக்கியிருக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படி ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசமும் அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது. நான் போகும் கடைகளில் பலருக்கு இது புதுச் செய்தி.

தனி ஒரு கடைக்கு நெட்வொர்க் ஆள் கட்டுப்படியாகாது. பத்து இருபது கடைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அதைச் சங்கம் முன்னின்று செய்ய வேண்டும். இலந்தைகுளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்கள் இருக்கும் ஊரில் ஆள் கிடைக்காமல் போகாது. அப்புறம், உறுப்பினர்களின் ஒப்புதலோடு அவர்களுடைய இணைப்புகளை வெளியிலிருந்து சோதித்து, எது திறந்திருக்கிறது என்று அவரவருக்குச் சொல்லுங்கள். முதல் சோதனைக்கு நான் காசு வாங்காமல் வருகிறேன். ஆடிட் வேலை சூடுபிடிக்கும் செப்டம்பருக்கு முன்பே ஒரு தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
கப்பலூரிலிருந்து ஒரு நெட்வொர்க் பணியாளர்