ஆறடி மேடையும் ஒரு பதிவேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் ஒரு பெரிய மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில், அதாவது சி.எஸ்.எஸ்.டி. என்று எல்லோரும் சொல்லும் அந்த அடித்தள அறையில், முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அறுவைக் கருவிகளைக் கழுவுவதும், அடுக்குவதும், ஆவியில் வைத்து எடுப்பதும்தான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் என் கண் முதலில் தேடுவது அவர் சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தை அல்ல, கை கழுவும் தொட்டியைத்தான். சென்ற மாதம் என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் எடுப்பதற்காக வீட்டருகே ஒரு சிறிய பல் மருத்துவ நிலையத்துக்குப் போயிருந்தோம். அங்கே பார்த்ததைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நோயாளி சாயும் நாற்காலி, ஒரு மேஜை, திரைக்குப் பின்னால் ஒரு தொட்டி. அந்த ஒரே தொட்டியில்தான் மருத்துவர் கை கழுவினார். ரத்தம் பட்ட குறடுகளை உதவியாளப் பெண் கழுவியதும் அதில்தான். தேநீர்த் தம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததும் அதன் ஓரத்தில்தான். ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தமேற்றிய ஆவியால் கிருமி நீக்கும் கலம், இல்லாமல் இல்லை. குக்கரைப் போல மேலே மூடி கொண்ட வகை, கழிவறைக் கதவை ஒட்டி ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் 15-ஐத் தொட்டுச் சிறிது நேரம் ஆனதும் அந்தப் பெண் சுவிட்சை அணைத்தார். ஆவியை வெளியேற்றி, மூடியைத் திறந்து, கருவிப் பைகளை வெளியே எடுத்தார். எல்லாப் பைகளும் நனைந்திருந்தன. ஒரு பையின் காகிதப் பக்கம் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. கழுவாத கருவிகள் கிடந்த தட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அந்த ஈரப் பைகளை அப்படியே அடுக்கி வைத்தார்.

எங்கள் பிரிவில் ஈரப் பை என்றால் கிருமி நீக்கம் ஆகாத பை என்றுதான் பொருள். காகிதம் உலர்ந்திருக்கும்வரை வெளிக் கிருமியைத் தடுக்கும். நனைந்துவிட்டால் அந்த ஈரமே கிருமிக்கு வழி விட்டுவிடும். அப்படி ஒரு பை வந்தால் பிரித்து, புதுப் பையில் இட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். இதை அந்த மருத்துவரிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா வாடகைக்கே முழி பிதுங்குது, இதுக்குன்னு தனி ரூமுக்கு எங்க போறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். இந்த நகரத்து வாடகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் தனி அறை தேவையில்லை என்பதுதான் என் பதில். மர்ஃபி டவுனில், முன்பு தையற்கடையாக இருந்த இடத்தில் ஒரு பெண் மருத்துவர் நடத்தும் நிலையத்தை நான் அறிவேன். அவரிடம் இருப்பது ஆறடி நீளக் கருங்கல் மேடை ஒன்றுதான். அதன் இடக்கோடியில் கருவிகளுக்கு மட்டுமான தொட்டி. கை கழுவ வாசலருகே வேறொரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறார். வாயிலிருந்து வரும் கருவி நேராக, ஒட்டிய ரத்தத்தைக் கரைக்கும் என்சைம் கரைசலுக்குள் போகிறது, ரத்தம் காய்வதற்கு விடுவதே இல்லை. அடுத்து, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும், மூடி போட்ட அல்ட்ராசோனிக் தொட்டி. அதற்கப்பால் ஒரு முழ உயரத்துக்கு அக்ரிலிக் தடுப்பு. தடுப்புக்கு வலப்புறம் கருவியைத் துடைத்துப் பார்த்துப் பையிலிடும் இடம், பிறகு ஆட்டோகிளேவ், வலக்கோடியில் கதவுள்ள அலமாரி. கருவி இடமிருந்து வலமாக மட்டுமே நகர்கிறது; ஒருமுறைகூடத் திரும்பி வருவதில்லை. எங்கள் மருத்துவமனையில் மூன்று அறைகளில் நடந்த அதே வேலைதான், அவர் ஆறடிக்குள் சுருக்கி வைத்திருக்கிறார்.

கழுவுவதற்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு, ஆவிதான் எல்லாவற்றையும் கொன்றுவிடுமே என்று கேட்பார்கள். முட்டை வெந்து சட்டியில் பிடித்துக்கொண்டால் என்ன ஆகிறதோ, அதுவேதான் கழுவாத ரத்தத்துக்கும் ஆவிச் சூட்டில் ஆகிறது. அந்தப் படலத்தின் அடியில் இருக்கும் கிருமியை ஆவி சரியாகத் தொடாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் ஏழு நாள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கேஜ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெங்களூருக்கென்று இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஸ்போர் எனப்படும், சில கிருமிகளின் உறங்குநிலை வித்துகளை 100 டிகிரிக் கொதிநீரே கொல்லாது என்னும்போது, கருவிகளை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆட்டோகிளேவிலும் இதே கதைதான். வெளிக் காற்றின் அழுத்தம் இங்கே குறைவு என்பதால், சாதாரண கேஜ் 15 பவுண்டு காட்டும்போது உள்ளே இருக்கும் சூடு சென்னையில் இருப்பதைவிட ஒன்றரை டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கும். 121 டிகிரி வேண்டுமானால் முள் பதினாறரையைத் தொட்டாக வேண்டும். அதிலும், தொடக்கத்தில் உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியே விடாமல் வால்வை மூடிவிட்டால், கேஜ் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே காட்டும். அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது. பையிலிட்ட கருவிகளுக்கு, இவ்வகை ஆட்டோகிளேவில், 121 டிகிரியை எட்டிய பிறகு 30 நிமிடம் நிற்க வேண்டும், அதன்பின் உலர வேண்டும். நடுவில் மின்சாரம் போனால், அது இந்த ஊரில் போகும், கணக்கை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் டேங்கர் நீரையும் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர் கேன் வாங்கும் செலவு ரிப்பேர்ச் செலவைவிடக் குறைவு.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் தனிக் கவனம் கேட்கிறது. அது சுழன்று நிற்கும்போது வாயின் எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது வெளித்தோலுக்குத்தான். உட்குழல் கொண்ட இப்படிப்பட்ட கருவிகளுக்கு, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆவியைச் செலுத்தும் பி வகுப்பு ஆட்டோகிளேவ்தான் உரியது. அது மலிவானது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கருவித் தொகுதிகளின் எண்ணிக்கை வேறு விஷயம். மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு நான்கு பேர். கழுவி, பையிலிட்டு, சூடேற்றி, உலர்த்தி, ஆற வைக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகிறது. முதல் மணிக்கு நான்கு தொகுதி. அவை ஆட்டோகிளேவில் இருக்கும்போது இரண்டாம் மணிக்கு இன்னொரு நான்கு. ஆக எட்டுக்குக் குறைந்தால் கணக்கு உதைக்கும். நாங்கள் போன இடத்தில் நான் எண்ணியவரை நான்குதான் இருந்தன. அந்தப் பெண் ஏன் அவசர அவசரமாக மூடியைத் திறந்தார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. குற்றம் அவர்மேல் இல்லை. வாய்க் கண்ணாடி, பல்லைச் சோதிக்கும் ஊசிமுனைக் கருவியான ப்ரோப், இடுக்கி அடங்கிய சாதாரணத் தொகுதியின் விலை, வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சில இடங்களில் நீல வெளிச்சம் எரியும் யு.வி. (புற ஊதாக் கதிர்) பெட்டியை நோயாளிக்குப் பெருமையாகக் காட்டுகிறார்கள். ஏற்கனவே சுத்தமான கருவியை வைத்திருக்க அது ஓர் அலமாரி, அவ்வளவே. குளூட்டரால்டிஹைடு என்னும் கிருமிக்கொல்லிக் கரைசலில் கால் மணி நேரம் முக்கி எடுப்பதும் கிருமி நீக்கம் அல்ல. அதற்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ஆட்டோகிளேவ் உண்மையில் வேலை செய்ததா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. பையின்மேல் நிறம் மாறும் குறி, அந்தப் பை சூட்டில் இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்பதை அறிய ஒரே வழி, ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்னும் கிருமியின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, ஆவிக்குப் போகாத இன்னொரு குப்பியோடு சேர்த்து, கிருமி வளர ஏற்ற சூட்டைத் தரும் இன்குபேட்டர் பெட்டியில் வைப்பது. ஆவிக்குப் போன குப்பி ஊதா நிறத்திலேயே நின்று, போகாத குப்பி மஞ்சளானால் நிம்மதி. இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும் என்பது பல இடங்களில் பரிந்துரைக்கப்படும் வழக்கம். மர்ஃபி டவுன் மருத்துவர் முடிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதி, சுற்று எண், சூடு, நிமிடம் ஆகியவற்றோடு குறித்து வைக்கிறார். அந்த நோட்டு வரவேற்பு மேஜையிலேயே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

கருவி மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கும் நமக்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவ நிலையத்தோடு தொடர்புடைய, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் மூளைத் தொற்றில் எட்டுப் பேர் இறந்ததை 2025-இல் வெளியான ஆய்வு வெளிக்கொணர்ந்தது. சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, மீதத்தைச் சரியாக மூடாமல் வைத்து அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதே வழியானது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பெங்களூருத் தமிழர்களில் எத்தனையோ பேருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். திறந்த பாட்டிலின் மீதத்தைக் கொட்டிவிட இடமும் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம்.

கர்நாடகத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டம் 2007-இன் கீழ்ப் பல் மருத்துவ நிலையங்களும் பதிவு செய்துகொண்டே இயங்குகின்றன. பதிவைப் புதுப்பிக்கும்போது வாராந்திர ஸ்போர் சோதனைப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இன்குபேட்டர் வாங்க இயலாத சிறு நிலையங்களின் குப்பிகளைச் சோதித்துத் தர, குறைந்த கட்டணத்தில், நகரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் முன்வரலாம். நோயாளிகளும் கருவிப் பையைத் தம் கண்முன் பிரிக்கும்படி கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

என் மனைவிக்குப் பல் எடுத்த மருத்துவர், மேடையை மாற்றி அமைக்க வந்து யோசனை சொல்ல முடியுமா என்று பிறகு தொலைபேசியில் கேட்டார். வரும் ஞாயிறு போகிறேன். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் வேறு எவருக்கேனும் இந்த உதவி தேவைப்பட்டால் கட்டணமில்லாமல் வந்து செய்து தருவேன். தங்கள் அலுவலகம் வழியாகத் தகவல் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிருமிநீக்கப் பிரிவு ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.