காவேரிப்பட்டணத்து மாமாவுக்கு, வண்டி விஷயமாக

சட்பரி, ஒன்டாரியோ

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்தது கேட்டு நிம்மதி. நாலு சக்கரமும் இழுக்கிற ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் என்ஜினும் பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார், வாங்கப் பார்க்கிறோம் என்றதும், "நாலு சக்கரமும் எதுக்கும்மா இழுக்கணும், ஜீப்பா ஓட்டப் போற? பேட்டரி போனா வண்டியே போச்சே" என்று போனில் கேட்டீர்கள். நைட் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சட்பரி நிக்கல் சுரங்க ஊர். எங்கே பார்த்தாலும் பாறை, ஏற்ற இறக்கம். எங்கள் வீடும் மேட்டில்தான். குளிர் சில நாள் மைனஸ் 30 வரை போகும். டியூட்டி முடிந்து விடியற்காலையில் வரும்போது, பனி தள்ளும் வண்டி எங்கள் தெருவுக்கு வந்திருக்காது. இப்போதுள்ள பழைய காரில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பாதி மேட்டில் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அப்படி நிற்க எனக்கு மனசு வரவில்லை, மாமா.

மூன்று வண்டி பார்த்தோம். கொரோல்லா கிராஸ் ஹைபிரிட் அளவில் சின்னது, பிள்ளையின் சீட்டைப் பொருத்தினால் முன்னால் இவர் கால் மடக்க இடமில்லை. மிச்சம் ஹோண்டா சிஆர்-வி ஹைபிரிட்டும் டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டும்.

உங்களுக்குப் பிடிக்கிற சங்கதி இங்கேதான் இருக்கிறது. சிஆர்-வியில் பின்சக்கரத்துக்கு வழக்கம்போல முன்னாலிருந்து நீளமான இரும்புத் தண்டு, அந்தப் புரொப்பெல்லர் ஷாஃப்ட், போகிறது. ராவ்4இல் அந்த ஷாஃப்டே கிடையாது! பின்னால் தனியாக ஒரு மின்மோட்டார், அதற்கு முன்னாலிருந்து கேபிள் மட்டும் போகிறது. முன்சக்கரம் வழுக்கினால் அந்த மோட்டார் பின்னாலிருந்து தள்ளும். முன்பக்கத்தில் 2.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் இரண்டு மோட்டார்களும் ஒரு பிளானட்டரி கியரில், நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடுமே அதில், சேர்கின்றன. கிளட்ச் இல்லை, செல்ஃப் மோட்டார் இல்லை, டைனமோ இல்லை, ஃபேன் பெல்ட்கூட இல்லை. பட்டறைக்கு அடிக்கடி வருகிற பாதி வேலை இதில் வராது. உங்களிடம் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வந்தால் பாருங்கள், அடிப்படை இதேதான். அதில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும்.

பேட்டரிக்குக் கனடாவில் டொயோட்டா 10 வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் வாரன்டி தருகிறது. நாங்கள் பார்ப்பது மூன்று வருடம் ஓடிய வண்டி. மீதிக் காலம் வண்டியோடு நமக்கு வரும். மைலேஜ், அரசாங்கக் கணக்குப்படி 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர், அதாவது லிட்டருக்குப் பதினாறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஊருக்குள் 5.8, ஹைவேயில் 6.3. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரியை ஏற்றுவதால், நின்று நின்று போகும் ஊருக்குள்தான் பெட்ரோல் மிச்சம். கடுங்குளிரில் ஹீட்டருக்காக என்ஜின் அதிகம் ஓடும், இந்தக் கணக்கு அப்போது நிற்காது. சரி, அதற்குத் தயாராகத்தான் இருக்கிறோம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் டயர். இங்கே பலர் ஆல் வீல் டிரைவ் வாங்கிவிட்டால் போதும் என்று பழைய டயரோடு பனியில் இறங்குகிறார்கள். அது தப்பு. நாலு சக்கரமும் இழுப்பது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. தொப்பூர் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரியை எவ்வளவு பெரிய என்ஜினும் காப்பாற்றாது என்று நீங்கள் சொல்வீர்களே, அதே கதைதான். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் மலையும் பனிப்பூவும் முத்திரை குத்திய குளிர்கால டயர் நாலையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட்டிருக்கிறோம். ஒன்டாரியோவில் அதற்கு இன்சூரன்ஸிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

ராவ்4 என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு கவலை. பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அது வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பின்மோட்டாருக்குப் போகும் கேபிளின் இணைப்பில் உப்புத் தண்ணீர் ஏறித் துருப்பிடிப்பது, இந்த மாடலின் ஆரம்ப வருட வண்டிகளில் கனடாவில் தெரிந்த குறை. பேட்டரியைவிட எனக்கு இதுதான் பயம். சனிக்கிழமை ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டப் போகிறோம். அடிப்பக்கம், அந்த கனெக்டர், பிரேக் பைப், சஸ்பென்ஷன் எல்லாம் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். மேலோட்டமான துருவா, இரும்பைத் தின்ற துருவா என்று நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்போம். அன்றைக்கு மட்டும் பட்டறையில் போனைக் கையிலேயே வைத்திருங்கள், மாமா.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் அக்கா மகள்