என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: என்னைக் கேட்காமல் விண்டோஸ் 11 போட்டது, குளோன் செய்து தருவதாகச் சொல்லிச் செய்யாதது, என் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தராதது

ஐயா / அம்மா,

வணக்கம். நான் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் வேலை. 2017இல் உங்கள் ஷோரூமில் வாங்கிய லேப்டாப்பில்தான் இன்றுவரை கடை ஓடுகிறது. ஐ5 ஏழாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ரேம். நல்ல மிஷின், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் போன டிசம்பரில் உங்கள் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் நடந்ததைப் பற்றித்தான். அங்கே நேரில் மூன்று தடவை போய்க் கேட்டும் பதில் வராததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கொண்டுபோனது இரண்டே வேலைக்கு. பேட்டரி உப்பி டச்பேட் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வந்தது, அதை மாற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டது, காலையில் ஆன் செய்துவிட்டு வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க், 512 ஜிபி, போட்டு, பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அதில் குளோன் செய்து தர வேண்டும். இதைத்தான் சொன்னேன், ஜாப் ஷீட்டிலும் இதைத்தான் எழுதினார்கள். நகல் இணைத்திருக்கிறேன், "குளோன்" என்ற சொல் அதில் உங்கள் ஆள் கையெழுத்திலேயே இருக்கிறது.

கவுன்டரில் இருந்த தம்பி மிஷினைத் திருப்பிப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இனிமே இது ஓடாது, எக்ஸ்சேஞ்சுல போட்டா 2,000 ரூபா தர்றோம்." ஓடாது என்பது பொய். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட்டுகளையும் உதவியையும். அந்தத் தேதிக்கு மறுநாளும் என் லேப்டாப் ஆன் ஆனது, அன்றைக்கு இரண்டு பத்திரிகை முடித்துக் கொடுத்தேன். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லாமல் போவது பெரிய விஷயம்தான். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது மாட்டியவை பெரும்பாலும், இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்த திருத்தத்தைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தப் பயத்தில்தான் அப்டேட் விஷயத்தில் நான் அசட்டையாக இருப்பதே இல்லை.

அதனால்தான் அக்டோபரிலேயே இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துவிட்டேன். வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் பணம் இல்லை, இல்லாவிட்டால் ரிவார்ட்ஸ் பாயின்ட் 1,000, அல்லது 30 டாலர். நான் பணம் கட்டாமல் சேர்ந்தேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கம்ப்யூட்டர் விற்று, சர்வீஸ் செய்கிற கம்பெனியின் கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருந்தால் தப்பு அவருடையது இல்லை. "பழைய மிஷின் வந்தா எக்ஸ்சேஞ்ச்தான் சொல்லணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க அக்கா" என்று அவரே சொன்னார். அந்த "மேல" நீங்கள்தான் என்று நினைக்கிறேன், பதில் உங்களிடம்தான் வேண்டும்.

சரி, எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போன் வந்தது, போய் வாங்கினேன். பில்லில் எஸ்எஸ்டி 4,200, பேட்டரி 3,200, மூன்றாவதாக "ஓஎஸ் அப்கிரேட்" 1,500. மொத்தம் 8,900 ரூபாய். இது என்ன என்று கேட்டேன், "லேட்டஸ்ட் போட்டிருக்கோம்க்கா, இனி கவலையே இல்ல" என்றார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடையில் வைத்து, எந்த விண்டோஸ் என்று காட்டுகிற விண்வெர் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். விண்டோஸ் 11, பதிப்பு 22எச்2, பில்டு 22621 என்று வந்தது. (விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்புக்கும் 22எச்2 என்றுதான் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம், இது 11.) இந்த விண்டோஸ் 11 22எச்2 பதிப்புக்கு ஹோம் பயனர்களுக்கான ஆதரவு முடிந்த தேதி 2024 அக்டோபர் 8. அதாவது நான் வைத்திருந்த விண்டோஸ் 10க்கு முடிவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன ஒன்றை, ஏதோ ஒரு பழைய பென் டிரைவிலிருந்து எடுத்துப் போட்டு, அதற்கு "அப்கிரேட்" என்று பெயர் வைத்து 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். என்னிடம் இருந்ததற்கு மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்தது. நீங்கள் போட்டுக் கொடுத்ததற்கு வராது.

அடுத்த பதிப்புக்குத் தானாகப் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். போகாது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான், ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணுகிற சிலவற்றுக்குத்தான் விலக்கு, என்னுடைய 7200யு அதில் இல்லை. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் மிஷினில் இருக்கிறது, பிராசசர்தான் பட்டியலில் இல்லை. இன்ஸ்டால் ஆகும்போது வருகிற அந்தச் சோதனையைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி இருக்கிறது, தெரிந்தவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொருந்தாத மிஷினில் போட்டால் அப்டேட் வரும் என்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கும்போது, ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர் அதை வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்து, காசும் வாங்கலாமா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

இதைவிட என்னைப் படுத்தியது அடுத்ததுதான். குளோன் செய்யவில்லை, புதிதாக இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள். வேலைக் கோப்புகளை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் மிஷினைக் கொடுத்தேன், அதனால் பத்திரிகைகள் பிழைத்தன. ஆனால் ஃபான்ட்டுகள் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தன. குளோன்தானே, அப்படியே வந்துவிடும் என்று அதைத் தனியாக எடுக்கவில்லை. தமிழ் டைப்பிங் மென்பொருளின் ஆக்டிவேஷனும் அந்த இன்ஸ்டாலோடு போய்விட்டது.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடாக யூனிகோட் வந்து இத்தனை வருஷம் கழித்து ஃபான்ட்டுக்கு என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தொழிலில் பக்கம் வடிவமைக்க இன்னமும் பேஜ்மேக்கர் 7தான், அது யூனிகோடில் தமிழ் அடிக்க முடியாத பழைய மென்பொருள். அதில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய பழைய ஃபான்ட்டுகள். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். அன்றைக்குக் காலையில் ஒரு பத்திரிகைக் கோப்பைத் திறந்தேன், மாப்பிள்ளை வீட்டார் தேதி மாற்றித் தரச் சொல்லிக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஃபான்ட் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தது, ஓகே கொடுத்தேன், பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருந்த "திருமணம்" என்ற சொல் ஜே, பி, யூ, கே, இசட், கே, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று திரை அகலத்துக்குப் பெரிதாக நின்றது. பெண்ணின் பெயர், ஊர், முகூர்த்த நேரம், எல்லாமே அப்படித்தான். பாமினி எளிதாகக் கிடைக்கும், அன்று மத்தியானமே போட்டுவிட்டேன். தலைப்புகளுக்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அலங்கார ஃபான்ட்டுகள் பலவற்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். டைப்பிங் மென்பொருளுக்கு மறுபடி காசு கட்டினேன்.

பழைய டிஸ்க்கைக் கொடுங்கள், நானே குளோன் செய்துகொள்கிறேன் என்று கேட்டால், "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சு" என்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? மாற்றிய பாகம் என்னுடையது. அந்த டிஸ்க்கில் என் பொருள் மட்டும் இல்லை. ஜெராக்ஸுக்கும் விண்ணப்பத்துக்கும் வந்தவர்களின் ஆதார் நகல், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், அஞ்சலி போஸ்டருக்கென்று குடும்பத்தார் கொடுத்த படங்கள், போன் நம்பர்கள், எட்டு வருஷத்தில் வந்துபோன ஊர் ஜனங்களின் விவரம் அதில் இருக்கிறது. என்னை நம்பிக் கொடுத்தார்கள். அது இப்போது எந்த மூட்டையில் கிடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாக ஓடிய டிஸ்க்தான், கெட்டுப்போன டிஸ்க் இல்லை, யார் எடுத்துச் செருகினாலும் திறக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கடையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது, கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தபோது அதையும் தூக்கிப் போடச் சொன்னார்கள். எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் ஏற்றி, மெயில் பார்க்க, பிடிஎஃப் பிரின்ட் எடுக்க, தமிழ்99 விசைப்பலகை முறையில் யூனிகோட் அடிக்க இன்றும் வைத்திருக்கிறேன். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு. லேப்டாப்புக்கும் திட்டம் வைத்திருந்தேன். 2026 அக்டோபர் வரை இஎஸ்யு, அதற்குப் பிறகு நெட் வேலையெல்லாம் மின்ட் மிஷினில், இந்த லேப்டாப்பை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும். டிசைன் செய்ய நெட் எதற்கு? பேட்டரியும் எஸ்எஸ்டியும் மாற்றினால் இன்னும் நாலைந்து வருஷம் தாராளமாக ஓடும். அந்த இரண்டும் உண்மையிலேயே நல்ல பலன் கொடுத்திருக்கின்றன, மிஷின் இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது, அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய மிஷினைக் கொண்டுவருகிற எல்லோருக்கும் இந்த வழிகளைச் சொல்லிவிட்டு, அப்புறம் எக்ஸ்சேஞ்சும் இருக்கிறது என்று சொல்லுங்கள், யாருக்கும் வருத்தம் இருக்காது. பிள்ளை படிப்புக்கு ஒரு லேப்டாப் வாங்கிவிட்டு அதற்கே தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் கவுன்டருக்கு வருகிறார்கள், அவர்களிடம் "ஓடாது" என்று சொல்லாதீர்கள்.

எனக்கு வேண்டியது இது. முதலில் என் டிஸ்க். அது உண்மையிலேயே அழிக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், எப்படி, யாரிடம் கொடுத்து அழித்தீர்கள் என்று கம்பெனி லெட்டர் பேடில் எழுதித் தர வேண்டும். 1,500 ரூபாயையும் டைப்பிங் மென்பொருளுக்கு நான் மறுபடி கட்டிய தொகையையும் திருப்பித் தர வேண்டும், அந்த ரசீதும் இணைத்திருக்கிறேன். டிஸ்க் கிடைத்தால் பேசியபடி குளோன் செய்து விண்டோஸ் 10ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டும், கிடைக்காவிட்டால் விண்டோஸ் 10 புதிதாகப் போட்டுத் தாருங்கள், இஎஸ்யுவில் நானே சேர்த்துக்கொள்கிறேன். இதற்குக் கூலி கேட்கக் கூடாது.

15 நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் 1915இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, ஜாப் ஷீட்டும் பில்லும் கையில் இருக்கின்றன, மனுவை நானே டைப் செய்துகொள்வேன்.

தேடுகிறவர்களுக்கு உதவியாக அடையாளம் சொல்கிறேன். 1 டிபி, இரண்டரை இஞ்ச் டிஸ்க். 2020இல் இங்கே உள்ளூரில் மாற்றியபோது அதன் லேபிளின் மேல், வலது ஓரத்தில், பச்சை மார்க்கரில் அன்றைய தேதியை எழுதி வைத்தேன். மூட்டையைக் கொட்டிப் பார்த்தால் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோவில்பட்டி

இணைப்பு: ஜாப் ஷீட் நகல், பில் நகல், விண்வெர் ஸ்கிரீன்ஷாட், டைப்பிங் மென்பொருள் ரசீது