பழைய வெண்கலத்துக்குப் புளி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குத்துவிளக்கைப் புளி, உப்பு போட்டுத் தேய்ப்பதில் தவறில்லை. அதே கையோடு பழைய சிறிய வெண்கலச் சிலைகளையும் தேய்த்துப் பளபளப்பாக்குவதை வேலூர் வட்டாரத்து வீடுகளும் பழைய சாமான் கடைகளும் நிறுத்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிலை என்றால் போனது திரும்பி வராது.

உதாரணத்துக்கு, பிரான்சின் ரொமான்டிக் காலச் சிற்பி அந்துவான் லூயி பாரீ, பாரிஸ் விலங்குக் காட்சிசாலையில் புலிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். கங்கையின் நீள்மூக்கு முதலையைப் புலி கடித்துத் தின்னும் அவருடைய சிலை 1831இல் பாரிஸின் சலோன் என்னும் கலைக் கண்காட்சியில் பெயர் வாங்கியது. மேசைமேல் வைக்கும் அளவில் அவர் செய்த விலங்குகள் இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவின் பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அவற்றின் மேலுள்ள பழுப்பும் பச்சையும் அழுக்கல்ல. வார்த்த உலோகத்தைச் சூடாக்கி, ரசாயனக் கரைசலைத் தூரிகையால் ஏற்றி வரவழைத்த நிறம். சிற்பியின் வேலையில் அதுவும் ஒரு பகுதி. பள்ளங்களில் இருள் தங்கி, தசைகள் எழுந்து தெரிவது அதனால்தான். புளியின் டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும்.

உப்பு இன்னும் மோசம். குளோரைடு நுண்துளைகளில் தங்கி, ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். வழவழப்பாகக் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சையைத் தொட வேண்டாம். விரலில் மாவாக உதிர்வதுதான் நோய். அந்தச் சிலையைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அரிப்பு அடங்கும். நிறம் மாறிய ஜெல்லை 110-120 டிகிரி செல்சியஸில் உலர்த்தி மீண்டும் போடலாம். அதற்குமேல் ரசாயனம் தெரிந்தவர்கள் கைவைக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென 1930 முதல் ஆய்வகம் இருக்கிறது.

தூக்கும்போதும் கவனம். சுவாமிமலைச் சிலைபோல் இந்த ஐரோப்பியச் சிலைகள் கனமாக ஒரே துண்டாக வார்த்தவை அல்ல. பெரும்பாலும் மணல் அச்சில் கால், வால் தனியே வார்த்து முளை வைத்துப் பொருத்தியவை. வாலைப் பிடித்தால் பொருத்து விட்டுப்போகும்; பீடத்தை இரு கையாலும் ஏந்துங்கள்.

தேய்ப்பில் கையொப்பமும் வார்ப்பக முத்திரையும் மழுங்கிவிட்டால், பாரீ 1875இல் இறப்பதற்கு முந்திய வார்ப்பா, பிந்தியதா என்று பிரிப்பது கடினம். மிஞ்சுவது அளவு மட்டுமே: வெண்கலம் ஆறும்போது சுருங்குவதால், சிலையிலிருந்தே அச்செடுத்த நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும்.

வேலூர்க் கோட்டை அரசு அருங்காட்சியகம் நல்ல பச்சையையும் நோய்ப் பச்சையையும் அருகருகே படமாகப் போட்டு ஒரு பலகை வைத்தால், வீட்டில் சிலை வைத்திருப்போருக்கு உதவும்.

உலோகச் சிலைப் பராமரிப்பாளர்கள்,
வேலூர்