மாதம் ஒரு ஞாயிறு காலை மண்டபத்தை எங்களுக்குக் கொடுங்கள்

பெஸ்தாரி ஜெயாவில் உள்ள எங்கள் ஆலயத்தின் தலைவர் அண்ணன் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து கேட்டதை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "கோயில் மண்டபத்துல பிரசவப் பேச்சா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். அன்று விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். ஊரில் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவிலேயே வைக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை மண்டபம் வேண்டும். மாசமாக இருக்கும் பெண்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள். வலி எப்படித் தொடங்கும், எப்போது கிளம்ப வேண்டும், கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று பேசுவோம், செய்து பார்ப்போம்.

ஏன் இது அவசியம் என்றால், போன வருஷம் என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். இரவு பத்து மணிக்கு இடுப்பில் சுருக்கென்றது. நாங்கள் பதறிப்போய் உடனே காரில் ஏற்றிவிட்டோம். மருத்துவமனையில் பார்த்தபோது கருப்பை வாய் 2 செண்டிமீட்டர்தான் திறந்திருந்தது. 5 செண்டிமீட்டருக்குப் பிறகுதான் வலி வேகமெடுக்கும் கட்டம், அதற்கு முந்தைய கட்டம் ஒருத்திக்குச் சில மணி நேரம், இன்னொருத்திக்கு ஒரு நாளுக்கு மேலும் போகலாம் என்பதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால், பனிக்குடம் உடையவில்லை, இரத்தப்போக்கு இல்லை, பிள்ளை நன்றாக அசைகிறது என்று பார்த்து, கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, இன்னும் சில மணி நேரம் அவளை வீட்டிலேயே நடக்க வைத்திருப்போம்.

அவளை வார்டில் படுக்க வைத்தார்கள். மருமகனை வெளியே இருக்கச் சொன்னார்கள். விடிய விடிய அவன் கார் நிறுத்தும் இடத்தில், அவள் உள்ளே. "யாரும் திட்டல பெரியம்மா, ஆனா யாரும் இல்ல. சுவத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் பிறகு. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் இன்னொன்று வேண்டாம் என்கிறாள். அங்கிருந்த மிஸ்ஸிகளை, அதாவது தாதிகளை, நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எத்தனை கட்டிலைப் பார்ப்பார்கள்? முன்கூட்டியே கேட்டு, வீட்டுக்காரர் பிரசவ வகுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்திருந்தால் பிரசவ அறைக்குள் அவரை விட்டிருப்பார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது ஆள் இருந்தது. லயத்தில் ஒருத்திக்கு வலி என்றால் பக்கத்து வீட்டு விளக்கும் எரியும் என்று அம்மா சொல்வார். மருத்துவச்சிப் பாட்டி வருவார், இடுப்பைத் தேய்த்துவிடுவார், அஞ்சடியில் கைபிடித்து நடத்துவார், "இன்னும் கொஞ்சம்தான் தாயி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்து வீட்டுப் பிரசவம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் போன உயிர்கள் கொஞ்சமா? பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். ஆனால் மருத்துவமனைக்கு மாறியபோது பாட்டியின் மருத்துவ வேலையோடு அவருடைய கையும் போய்விட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது, பக்கத்து வீட்டில் யார் மாசமாக இருக்கிறார்கள் என்பதே இப்போது வளைகாப்பு அழைப்பு வந்தால்தான் தெரிகிறது.

அந்தக் கைக்கு இப்போது உலகத்தில் வைத்திருக்கும் பெயர் டூலா. பணி செய்யும் பெண் என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல் அது. அமெரிக்க மானிடவியலாளர் டேனா ராஃபேல் 1970களில் அதை எடுத்துப் புழக்கத்தில் விட்டார். டூலா ஊசி போட மாட்டார், உள்ளே சோதித்துப் பார்க்க மாட்டார், டாக்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டார். கூடவே இருப்பார். மூச்சை நினைவுபடுத்துவார், முதுகை அழுத்திப் பிடிப்பார், தண்ணீர் கொடுப்பார், புருஷனுக்கும் தைரியம் சொல்வார்.

இது வெறும் ஆறுதல் என்று நினைக்காதீர்கள். 17 நாடுகளில், 15,000-க்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு வெளியிட்டது. விடாமல் துணை இருந்த பெண்களில் சுகப்பிரசவம் கூடியிருந்தது, ஆப்பரேஷன் குறைந்திருந்தது, வலி நேரமும் சற்றுச் சுருங்கியிருந்தது. பிரசவத்தை நினைத்துக் கசந்துபோனவர்களும் குறைவு. என் தங்கை மகளை நினைத்துக்கொண்டே அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெண் தானே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு துணை பிரசவம் முடியும்வரை கூட இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. காசு கொடுத்து டூலா வைத்துக்கொள்வது நம் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் நமக்குள்ளேயே ஆளைத் தயார் செய்யலாம் என்கிறேன்.

சரி, தீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே மண்டபத்தில்தானே வளைகாப்பு நடக்கிறது? முப்பது நாள் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் காக்கும் பெரியாச்சி சன்னதிக்குத்தானே ஓடி வருகிறோம்? திருச்சி மலைக்கோட்டையில் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையை நீங்களே திருவிழாவில் சொல்லியிருக்கிறீர்கள். காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நிற்கிறாள், இக்கரையில் மகளுக்கு வலி. சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். சாமி தொட்ட வேலையைப் பற்றி அவர் மண்டபத்தில் பேசுவது எப்படித் தீட்டாகும்?

வகுப்பில் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். மாசமாக இருப்பவர்களுக்குக் கிளினிக்கில் தரும் பதிவேடான பிங்க் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஆபத்து எவ்வளவு என்று காட்ட அதில் ஒட்டியிருக்கும் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று பலருக்குத் தெரியாது. காலை 9 மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணி, இரவு 9 மணிக்குள் பத்து வராவிட்டால் காத்திருக்காமல் போக வேண்டும் என்பதை மனதில் பதிய வைப்போம். சாய்ந்து நிற்பது, மண்டியிடுவது, பந்தில் உட்காருவது எல்லாம் பாயில் செய்து பார்ப்போம். மிஸ்ஸி மலாயில் "தெரான்" (முக்கு) என்று சொன்னால் எப்போது, எப்படி முக்க வேண்டும் என்று கிளினிக் தாதியையே வந்து சொல்லச் சொல்லிக் கேட்போம். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வீட்டுக் கஷாயம் எதுவும் கிளினிக்கில் கேட்காமல் குடிக்கக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்வோம். பத்தியச் சாப்பாடு, பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் பிறகு ஆகட்டும்.

ஆண்கள் வரவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பல இடங்களில் ஒரே ஒரு துணையைத்தான் உள்ளே விடுகிறார்கள், பெரும்பாலும் அது புருஷன்தான். அவன் கைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், 2023 ஜனவரி 1 முதல் தந்தைக்கும் சம்பளத்தோடு 7 நாள் லீவு நம் மலேசியச் சட்டத்தில் இருக்கிறது. தாய்க்கு 98 நாள். தந்தைக்கு லீவு கிடைக்க, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். என் மருமகன் ஃபேக்டரியில் கேட்கவே இல்லை, மூன்றாம் நாள் ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

ஐந்து பெண்கள் துணைக்குப் போகச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர். பிரசவ அறைக்குள் விடாவிட்டாலும், வீட்டில் வலி தொடங்கும் நேரத்திலும் பிள்ளையோடு திரும்பி வந்த முதல் வாரத்திலும் அவர்கள் கூட இருப்பார்கள். பாயும் தேநீரும் எங்கள் பொறுப்பு. மண்டபமும் மின்விசிறியும் போதும், வேறெதுவும் கேட்கவில்லை.

எங்கள் வரிசையில் மட்டும் மூன்று பேர் மாசமாக இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, அவளுக்கும் தலைப்பிரசவம்தான். அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. நான் வெளியே காத்திருக்கிறேன். கூப்பிட்டால் உள்ளே வந்து, இந்த முறை முழுதாகச் சொல்கிறேன்.